ஆலய வாசலில் ஒரு கையெழுத்துத் தாள்
(இளையோர் படிப்பு வட்டத்துக்கும் பெற்றோருக்குமான பாடம்)



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியப் பூசை முடிந்து அன்னதானம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் இரண்டு ஜேர்மனியப் பெண்மணிகள் எங்கள் ஆலய வாசலுக்கு வந்தார்கள். கையில் ஒரு தாள்கட்டும் பேனையும். எங்கள் ஆலயத்திலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பழைய செங்கல் தேவாலயம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்குப் பக்கத்து வெறுங்காணியில் தொடர்மாடி கட்டப் போகிறார்களாம். கட்டினால் தேவாலயம் மறைந்துவிடும், நீங்களும் அயலவர்கள்தானே, ஒரு கையெழுத்து வையுங்கள் என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

எங்கள் ஆட்களிடமிருந்து மூன்று விதமான பதில் வந்தது. ஒரு தம்பி வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். ஒரு பெரியவர், "எங்களுக்கேன் தம்பி இந்த வேலை? வந்த இடத்திலை வந்த மாதிரி இருப்பம்" என்றார். இன்னொரு அண்ணர், "ஹம்மிலை அயலட்டைச் சனம் முறையிட்டுத்தானே அம்மன் ஊருக்கு வெளியிலை போக வேண்டி வந்தது. இப்ப எங்களிட்டையே கையெழுத்தோ?" என்று கேட்டார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கணக்கு எழுதுகிறவனுக்குச் சட்டமும் தெரியும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. உண்மையில் எனக்கு அன்று ஒன்றும் தெரியவில்லை.

அதன் பின் நகரசபைக்குப் போய் விசாரித்ததையும் வாசித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே பாடமாகத் தருகிறேன். நான் சட்டத்தரணி அல்லன். வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும். ஆனால் சட்டத்தரணியிடம் போகுமுன் தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்கள் உண்டு.

1. ஒரு கட்டடத்துக்கு அயல் உண்டா?

ஊரிலே கோயில் கோபுரத்துக்கு மேலாக வீடு எழும்பக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பக்தியால் வந்த வழக்கம். அதே எண்ணம் பல நாடுகளில் சட்டமாகவும் இருக்கிறது. இந்தியாவில் மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள தொல்லியற் சின்னங்களைச் சுற்றி 100 மீற்றருக்குள் புதிதாகக் கட்டத் தடை; அதற்கு அப்பால் இன்னொரு 200 மீற்றருக்கு அனுமதி பெற்றே கட்டலாம். 2010 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இதை இறுக்கமாக்கியது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய கட்டடங்களுக்கும் உயரக் கட்டுப்பாடு உண்டு. அதை மீறிய கட்டடங்கள் பற்றி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குகள் நடந்திருக்கின்றன.

ஜேர்மனியில் நினைவுச்சின்னப் பாதுகாப்பு, அதாவது டெங்மால்ஷுட்ஸ், ஒவ்வொரு மாநிலத்தின் பொறுப்பு. 16 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. எல்லாவற்றிலும் பொதுவான எண்ணம் ஒன்று: பாதுகாப்பு சுவரோடு முடிவதில்லை. அந்தக் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிற விதமும் அதன் சுற்றாடலும் அந்தப் பாதுகாப்புக்குள் வரும். பக்கத்தில் கட்டுவது பழைய கட்டடத்தின் தோற்றத்தைப் பாதிக்குமானால் நினைவுச்சின்னப் பகுதியின் சம்மதமும் வேண்டும்.

நாங்கள் எல்லோரும் பார்த்த உதாரணம் கேள்ன் பேராலயம். 1248 இல் அத்திவாரமிட்டு 1880 இல் முடித்தார்கள், 632 ஆண்டுகள். கோபுரங்களின் உயரம் 157 மீற்றர். 1996 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பின்பு றைன் நதியின் மறுகரையில், டொய்ட்ஸ் பகுதியில், பல உயர்மாடிகள் கட்டத் திட்டமிட்டார்கள். பேராலயத்தின் ஒரு கல்லைக்கூட எவரும் தொடவில்லை. நடுவில் ஒரு பெரிய நதியே ஓடுகிறது. அப்படியிருந்தும் 2004 இல் யுனெஸ்கோ பேராலயத்தை "ஆபத்திலுள்ள மரபுரிமை" என்ற பட்டியலில் போட்டது. நதிக்கரையிலிருந்து கோபுரங்களைக் காணும் காட்சி கெட்டுவிடும் என்பதே காரணம். 103 மீற்றர் உயரமான ஒரு கட்டடம் ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருந்தது. அது இன்றும் நிற்கிறது. மற்ற உயர்மாடித் திட்டங்களை நகரம் கைவிட்டது. 2006 இல் பேராலயம் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

ஆகவே அந்த இரு பெண்மணிகளும் கேட்டது வீண் பேச்சு அல்ல. தேவாலயத்துக்கு அயல் உண்டு. அந்த அயலுக்குச் சட்டமும் உண்டு. ஆனால் சட்டம் இருப்பது வேறு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகும் உரிமை வேறு. இதை விளங்கிக்கொள்ள டிறெஸ்டன் நகருக்குப் போக வேண்டும.

2. டிறெஸ்டன் பாலம்: பன்னிரண்டு ஆண்டுக் கதை

டிறெஸ்டன் நகரில் எல்பே நதியின் இரு கரைகளிலும் பசும்புல் வெளிகள். பின்னணியில் பழைய மாளிகைகளும் தேவாலயக் கோபுரங்களும். இந்தப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 18 கிலோமீற்றர் நீளத்தை யுனெஸ்கோ 2004 யூலையில் உலக மரபுரிமையாக ஏற்றது. ஆனால் அதே ஆண்டு பெப்ரவரியில், அந்தப் புல்வெளிக்குக் குறுக்கே வால்ட்ஷ்லொஸ்ஷென் என்ற இடத்தில் நான்கு வழிப் பாலம் கட்ட அனுமதி கொடுத்தாகிவிட்டது. திகதிகளைக் கவனியுங்கள். பாலத்தின் அனுமதி முதல், மரபுரிமைப் பட்டம் பிறகு.

2005 பெப்ரவரியில் நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 67.9 வீதத்தினர் பாலம் வேண்டும் என்றார்கள். வாகன நெரிசலில் நாளும் நிற்கிற மக்களுக்குப் பாலம் தேவையாக இருந்தது. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2006 இல் யுனெஸ்கோ பள்ளத்தாக்கை ஆபத்துப் பட்டியலில் போட்டது. நகரசபை பயந்து வேலையை நிறுத்தப் பார்த்தது. மக்களின் தீர்ப்பை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்று மேலதிகாரம் கட்டளையிட்டது. நகரசபை நீதிமன்றம் போனது. 2007 மார்ச்சில் பௌட்சன் நகரிலுள்ள மாநில உயர் நிர்வாக நீதிமன்றத்தில் தோற்றது. அரசியலமைப்பு நீதிமன்றமும் 2007 மே மாதம் நகரசபையின் முறைப்பாட்டை ஏற்க மறுத்தது.

இங்கேதான் இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் வேறொரு கதவைத் தட்டின. அங்கே ஒரு சிறிய வௌவால் வாழ்கிறது. குதிரை லாடம் போன்ற மூக்கு. எடை சில கிராம்தான். ஐரோப்பியச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. 2007 ஓகஸ்டில் டிறெஸ்டன் நிர்வாக நீதிமன்றம் அந்த வௌவாலுக்காகக் கட்டட வேலையை நிறுத்தியது. யுனெஸ்கோவின் எச்சரிக்கையால் நிற்காத வேலை ஒரு வௌவாலால் நின்றது! அதே ஆண்டு நவம்பரில் உயர் நிர்வாக நீதிமன்றம் சில நிபந்தனைகளோடு வேலையைத் தொடர விட்டது. வௌவால் பறக்கும் மாதங்களில் இரவில் பாலத்தின் மீது மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

2009 யூன் மாதம் ஸ்பெயினின் செவில்யா நகரில் கூடிய உலக மரபுரிமைக் குழு, டிறெஸ்டன் பள்ளத்தாக்கைப் பட்டியலிலிருந்து முற்றாக நீக்கியது. அதற்கு முன் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது ஓமான் நாட்டின் ஒரு மான் சரணாலயம் மட்டுமே. பாலம் 2013 ஓகஸ்டில் திறக்கப்பட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. சங்கத்தார் வழக்கைக் கைவிடவில்லை. 2016 யனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் கருத்துச் சொல்லியது. அதைத் தொடர்ந்து 2016 யூலையில் லைப்சிக் நகரிலுள்ள சமஷ்டி நிர்வாக நீதிமன்றம், பாலத்துக்கு 2004 இல் கொடுத்த அனுமதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இயற்கைக்கு வரும் பாதிப்பைப் போதிய அளவு ஆராயவில்லை என்பது காரணம். பாலத்தை இடிக்கச் சொல்லவில்லை. குறையைப் பிந்திய ஆய்வினால் நிவர்த்தி செய்ய இடம் கொடுத்தது. வழக்கை வென்றார்கள், பாலமோ நிற்கிறது, வாகனங்களும் ஓடுகின்றன.

இந்தக் கதையில் எனக்குத் தெரிந்த பாடங்கள் மூன்று. முதலாவது, அழகு கெடுகிறது என்ற மனவருத்தம் மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, யாருடைய உரிமை என்று காட்ட வேண்டும். இரண்டாவது, பெரும்பான்மை வேறு, சட்டம் வேறு. இரண்டும் எதிரெதிராக நிற்கக் கூடும். மூன்றாவது, பிந்தி வருகிற வெற்றி கடதாசியில் மட்டும் இருக்கும். சீமெந்து காய்ந்த பிறகு தீர்ப்பு வந்து என்ன பயன்?

3. யார் வழக்குப் போடலாம்? பற்றும் வரவும்

இப்போது எங்கள் தெருவுக்குத் திரும்புவோம். பக்கத்துக் காணியில் எழும்பும் கட்டடத்துக்கு எதிராக எவரும் வழக்குப் போட முடியுமா? முடியாது. ஜேர்மன் நிர்வாகச் சட்டத்தில், தன் சொந்த உரிமை பாதிக்கப்பட்டவன்தான் வழக்காளியாகலாம். ஊருக்காக நான் வழக்குப் போடுகிறேன் என்று தனி மனிதன் சொல்ல முடியாது. இயற்கைப் பாதுகாப்புக்காக அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களுக்குச் சட்டமே தனியாக அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. அதனால்தான் டிறெஸ்டனில் அவர்கள் வௌவாலுக்காகப் பேச முடிந்தது.

கட்டடச் சட்டத்தில் அயலவன் என்றால் அயல் காணியின் உரிமையாளன். வாடகைக்கு இருப்பவன் பொதுவாக அந்தக் கணக்கில் வருவதில்லை. எங்களில் பல குடும்பங்கள் வாடகை வீட்டில் இருப்பதால் இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். இருபது வருடம் அந்தத் தெருவில் வாழ்ந்திருந்தாலும், கட்டட அனுமதிக்கு எதிராக வழக்குப் போடும் உரிமை அநேகமாக வீட்டுக்காரருக்குத்தான்.

பழைய கட்டடத்தின் உரிமையாளர் நிலை என்ன? நெடுங்காலமாக, நினைவுச்சின்னப் பாதுகாப்பு ஊரின் பொது நன்மைக்காக. அதை வைத்து உரிமையாளர் பக்கத்துக் காணிக்காரன் மீது வழக்குப் போட முடியாது என்ற கருத்தே பல நீதிமன்றங்களில் இருந்தது. 2009 ஏப்ரல் 21 ஆம் திகதி சமஷ்டி நிர்வாக நீதிமன்றம் அதை மாற்றியது. பக்கத்தில் கட்டுவது நினைவுச்சின்னத்தின் பெறுமதியைப் பாரதூரமாகப் பாதிக்கக் கூடுமானால், அதன் உரிமையாளர் வழக்காடலாம் என்றது.

நீதிமன்றம் சொன்ன நியாயம் ஒரு கணக்காளனுக்கு உடனே விளங்கும். பழைய கட்டடத்தின் உரிமையாளர் நினைத்தபடி இடிக்க முடியாது, யன்னல் மாற்றவும் அனுமதி கேட்க வேண்டும், சொந்தப் பணத்தில் பராமரிக்க வேண்டும். அவ்வளவையும் பொது நன்மைக்காக அவர் மீது சட்டம் சுமத்துகிறது. அப்படிச் சுமத்திவிட்டு, பக்கத்தில் எவரும் எதையும் கட்டி அந்தச் சின்னத்தைக் கெடுக்க விட்டால், அவர் பட்ட பாடெல்லாம் வீண். பற்றுப் பக்கத்தில் கடமையை எழுதினால் வரவுப் பக்கத்தில் உரிமையை எழுதத்தான் வேண்டும். ஐந்தொகை சமப்பட வேண்டும் அல்லவா?

ஆகவே எங்கள் செங்கல் தேவாலய விடயத்தில், வழக்கு என்று வந்தால் முதலில் நிற்கக் கூடியவர் அதன் உரிமையாளரான திருச்சபை. அடுத்து, தம் காணியின் வெளிச்சமும் இடைவெளியும் பாதிக்கப்படும் பக்கத்துக் காணிக்காரர். நாலு தெரு தள்ளியிருக்கும் நாங்கள் அல்ல.

4. அப்படியானால் எங்களுக்கு வாயே இல்லையா?

இருக்கிறது. ஆனால் எந்தத் தாள் எதற்கு என்று தெரிய வேண்டும்.

(அ) சாதாரணக் கையெழுத்துத் தாள். இது ஒரு விண்ணப்பம். ஜேர்மன் அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு, அதிகாரிகளுக்கும் மக்கள் சபைகளுக்கும் விண்ணப்பிக்கும் உரிமையை "எவருக்கும்" கொடுக்கிறது. கடவுச்சீட்டின் நிறம் கேட்கப்படுவதில்லை. அகதியும் கையெழுத்து வைக்கலாம். ஆனால் இதனால் எந்த வேலையும் சட்டப்படி நிற்காது. சபையினர் காதில் விழும், அவ்வளவுதான்.

(ஆ) மக்கள் வாக்கெடுப்புக் கோரும் தாள். இதற்குப் பியூர்கர்பெகேரன் என்று பெயர். போதிய கையெழுத்துச் சேர்ந்தால் நகரமே வாக்களிக்க வேண்டி வரும். இதில் நகரசபைத் தேர்தலில் வாக்குரிமை உள்ளவர்கள், அதாவது ஜேர்மன் பிரசைகளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரசைகளும் மட்டுமே கையெழுத்திடலாம். இலங்கைக் கடவுச்சீட்டோ அகதிப் பயணப் பத்திரமோ வைத்திருப்பவரின் கையெழுத்து எண்ணப்படாது.

(இ) திட்டம் பற்றிய கருத்துரை. இதுவே எங்களுக்கு மிகவும் பயனுள்ள கதவு. ஒரு பகுதியில் என்ன, எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம் என்று சொல்லும் திட்டத்துக்கு பெபௌவுங்ஸ்பிளான் என்று பெயர். அதை நிறைவேற்றுமுன் நகரசபை அதன் வரைவைக் குறைந்தது 30 நாட்கள் எவரும் பார்க்கக் கூடியதாக வெளியிட வேண்டும். அந்த நாட்களுக்குள் எவரும் கருத்து எழுதலாம். சொத்து வேண்டாம், பிரசாவுரிமை வேண்டாம். சபை அதை எடுத்து நிறுத்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். நாட்கள் கடந்து வரும் கருத்தைக் கவனிக்காமல் விடலாம். பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு செய்தி: சிறுவரும் இளையோரும் இந்தப் "பொதுமக்கள்" என்பதில் அடங்குவர் என்று கட்டடச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு 2013 முதல் வெளிப்படையாகவே சொல்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் நகரசபைக்கு எழுதலாம்.

(ஈ) வழக்கு. கட்டட அனுமதிக் கடிதம் கைக்கு வந்தால் ஒரு மாதத்துக்குள் எதிர்க்க வேண்டும். சில மாநிலங்களில் முதலில் ஆட்சேபனை, விடர்ஸ்புருஹ்; வேறு சிலவற்றில் நேரே நீதிமன்றம். எது என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கும். அப்படி எழுதியில்லாவிட்டால் தவணை ஒரு வருடம். முழுத் திட்டத்தையும் எதிர்த்து உயர் நிர்வாக நீதிமன்றம் போவதற்கு, அது பிரசித்தமாகிய நாளிலிருந்து ஒரு வருடம். ஒன்றை மறக்க வேண்டாம்: ஆட்சேபனை கொடுத்துவிட்டோம் என்பதற்காகக் கட்டட வேலை நிற்காது. நிறுத்த வேண்டுமானால் அவசர மனு ஒன்றைத் தனியாகப் போட வேண்டும். தோற்றவர் செலவைக் கொடுக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

5. மஞ்சள் உறை

தவணை என்ற சொல் எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2007 இல் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். யாழ். பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தவன், கணக்கில் புலி என்ற எண்ணம் வேறு. அகதி விடுதியில் இருந்தபோது ஒரு நாள் மஞ்சள் உறையில் கடிதம் வந்தது. நான் நண்பர் வீட்டுக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பித்தான் அதை உடைத்தேன். என் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. எதிர்த்து வழக்குப் போட இரண்டு வாரம். உடைத்த நாளிலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டு, பணம் கடன் வாங்கி, பதினோராம் நாள் என்று நான் நினைத்த நாளில் சட்டத்தரணியிடம் போனேன்.

அவர் கடிதத்தை வாசிக்கவில்லை. "உறை எங்கே?" என்று கேட்டார். மஞ்சள் உறையின் மேல் தபாற்காரர் கையால் ஒரு திகதி எழுதுவார். அந்த நாளிலிருந்துதான் தவணை ஓடும். நீ வீட்டில் இருந்தாயா, திறந்தாயா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. விடுதிக்கு ஓடினேன். உறை கடதாசிக் குப்பைப் பெட்டியில் கிடந்தது. அதன்படி அன்றுதான் கடைசி நாள். அன்று மாலை அவர் தொலைநகலில் வழக்கை அனுப்பினார். மற்ற நாள் போயிருந்தால் இந்தப் பாடத்தை எழுத நான் இங்கே இருந்திருப்பேனா என்று தெரியாது.

இன்று வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மேசைக்கு வரும் ஒவ்வொரு மஞ்சள் உறையையும் கடிதத்தோடு சேர்த்துத் தைத்து வைக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

6. மற்றப் பக்கத்தில் நின்ற நாங்கள்

ஹம் நகரைப் பற்றி அந்த அண்ணர் சொன்னது உண்மையே. 1989 இல் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் அந்நகரில் மிகச் சிறிய இடமொன்றில் தொடங்கியது. 1993 இல் முதல் வீதியுலா. ஆண்டுக்காண்டு சனம் பெருகியது. குடியிருப்புத் தெருவில் மேளமும் நாதஸ்வரமும் நூற்றுக்கணக்கான வாகனங்களும். அயலவர்கள் முறையிட்டார்கள். 1990 களின் பிற்பகுதியில் ஆலயம் ஊன்ட்றொப் கைத்தொழில் வலயத்துக்கு இடம் மாறியது. அங்கே பெருங்கோயில் எழும்பி 2002 யூலையில் கும்பாபிஷேகம் கண்டது. பக்கத்தில் கால்வாய் ஓடுகிறது, தீர்த்தமும் அங்கேதான். இன்று ஐரோப்பா முழுவதிலுமிருந்து அடியார்கள் தேர் பார்க்கப் போகிறார்கள்.

அந்த அயலவர்கள் எங்களுக்குப் பகைவர்களா? நித்திரை கொள்ள வேண்டிய மனிதர்கள். ஜேர்மன் கட்டடச் சட்டத்தில் றூக்ஸிஷ்ட்னாமெ என்றொரு சொல் உண்டு. நீ உன் காணியில் செய்வதைச் செய், ஆனால் பக்கத்தவனையும் எண்ணிப் பார் என்பது அதன் கருத்து. அது கோயிலையும் கட்டுப்படுத்தும், முறையிடுகிறவரையும் கட்டுப்படுத்தும். அன்று அந்தச் சட்டம் எங்கள் மேல் பாய்ந்தது போலத் தெரிந்தது. நாளை எங்கள் கோபுரத்துக்குப் பக்கத்தில் எவராவது பொருந்தாத ஒன்றைக் கட்ட வந்தால், அதே சட்டத்தைத்தான் நாங்களும் தேடுவோம்.

7. நாங்கள் செய்தது

திங்கட்கிழமை வேலை முடிந்து நகரசபைக் கட்டடப் பகுதிக்குப் போனேன். கையெழுத்து வைத்த தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். வரைவைப் பார்க்க இன்னும் பதினொரு நாள் இருந்தது. அலுவலர் அம்மா பெரிய வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

அந்தத் தாளில் எழுதியிருந்தது பொய் அல்ல; ஆனால் பாதி. தேவாலயத்தின் தெற்குப் பக்கம் உண்மையில் மறையும். தாளில் இல்லாத இன்னொரு விடயமும் வரைபடத்தில் இருந்தது: கட்டப் போகும் வீடுகளில் ஒரு பகுதி குறைந்த வாடகை வீடுகள். எங்கள் ஆலயத்துக்கு வரும் ஒரு குடும்பம், மூன்று பிள்ளைகளோடு இரண்டு அறையில் இருந்துகொண்டு, அப்படியான வீட்டுக்கு நாலு வருடமாகப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறது. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அண்ணை, நான் அவையின்ரை வீட்டுக்கு எதிராயெல்லோ கையெழுத்து வைச்சிட்டன்" என்றார்.

நான் அவரைத் திருத்தவில்லை. முழுவதும் சரி என்றும் சொல்லவில்லை. இருவருமாக ஒரு பக்கக் கருத்துரை எழுதினோம். வீடுகள் வேண்டும் என்று முதல் வரியில் எழுதினோம். தேவாலயத்தை ஒட்டிய பகுதியில் இரண்டு மாடி குறைத்து, தெருவிலிருந்து கோபுரம் தெரிய வழி விடும்படி அடுத்து எழுதினோம். குறையும் வீடுகளைக் காணியின் பின்பக்கத்தில் சேர்க்க முடியுமா என்று ஆராயும்படியும் கேட்டோம். தவணைக்கு ஐந்து நாள் இருக்கக் கொடுத்துவிட்டு, ஒப்படைத்ததற்கு முத்திரை வாங்கிக்கொண்டோம். அடுத்த ஞாயிறு அந்தப் பெண்மணிகளைக் கண்டு பிரதி ஒன்றைக் கொடுத்தேன். அவர்களில் ஒருவர் முதல் வரியை வாசித்து முகம் சுழித்தார். மற்றவர் இருந்து முழுவதையும் வாசித்தார். சபையின் முடிவு இன்னும் வரவில்லை.

"வந்த இடத்திலை வந்த மாதிரி இருப்பம்" என்ற பெரியவருக்கு என் பணிவான பதில் இதுதான். ஐயா, நாங்கள் இங்கே வரி கட்டுகிறோம், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறோம், எங்கள் ஆட்களை இந்த மண்ணில் தகனமும் செய்கிறோம். இந்த ஊரின் பழைய கட்டடத்தைப் பற்றியும் வரப்போகும் வீட்டைப் பற்றியும் எங்களுக்கு ஒரு கருத்து இருக்கலாம். அதைச் சொல்லச் சட்டம் கதவு திறந்து வைத்திருக்கிறது. கதவு திறந்திருக்கும் நாட்கள் குறைவு. அதற்குள் போக வேண்டும், வாசித்துவிட்டுப் போக வேண்டும்.

படிப்பு வட்டத்துக்கான கேள்விகள்

1. டிறெஸ்டனில் பாலத்தின் அனுமதியும் மரபுரிமைப் பட்டமும் எந்த வரிசையில் வந்தன? வரிசை மாறியிருந்தால் என்ன நடந்திருக்கலாம்?

2. மக்களில் 67.9 வீதத்தினர் ஒன்றைக் கேட்கிறார்கள். உலக அமைப்பு ஒன்று வேண்டாம் என்கிறது. எது மேலோங்க வேண்டும்? இரு பக்கமாகப் பிரிந்து விவாதியுங்கள்.

3. உங்கள் வீட்டில் யார் பியூர்கர்பெகேரன் தாளில் கையெழுத்திடலாம், யார் முடியாது? எல்லோரும் செய்யக் கூடியது எது?

4. ஹம் ஆலயத்தின் அயலவராக 1995 இல் நீங்கள் இருந்திருந்தால் நகரசபைக்கு என்ன எழுதியிருப்பீர்கள்? ஆலயத்தின் செயலாளராக இருந்திருந்தால் என்ன பதில் எழுதியிருப்பீர்கள்?

5. செய்முறை: உங்கள் நகரில் இன்று பார்வைக்கு வைத்திருக்கும் திட்டம் ஒன்றை அறிந்து, அதன் கடைசித் திகதியை எழுதி வாருங்கள். வகுப்பில் ஒன்றாக வாசிப்போம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: மஞ்சள் உறையை வீசிவிடாதீர்கள். விளங்காத கடிதம் எதுவாயினும், வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் மண்டபத்தின் பின்மேசையில் நானும் இன்னும் இருவரும் இருப்போம். உறையோடு கொண்டுவாருங்கள்.